ஓடை தாண்டாத கருவாடு

ஒரு காலத்துல உப்பு விளையற நாடு ஒண்ணு, நெல்லு விளையற நாடு ஒண்ணு, நடுவுல காஞ்ச ஓடை ஒண்ணு இருந்துச்சாம். ரெண்டு நாட்டு ராஜாவோட பூட்டன்மாரும் ஒப்பந்தம் போட்டிருந்தாங்க. இங்கிருந்து உப்பு போகலாம், அங்கிருந்து நெல்லு வரலாம், வேற எதுவும் ஓடையைத் தாண்டக்கூடாது. அப்போ அவங்ககிட்ட இருந்ததே அதுதான், பாவம். அப்புறம் கருவாடு வந்துச்சு, மாங்கா வந்துச்சு, ஒப்பந்தம் மட்டும் மாறவே இல்ல.

உப்பு நாட்டு இருளாயி தன் ஒத்த மக சந்தனத்தை நெல்லு நாட்டுல கட்டிக் கொடுத்திருந்தா. சந்தனத்துக்கு மசக்கை. கஞ்சி குடிச்சாலும் வாந்தி, தண்ணி குடிச்சாலும் வாந்தி, புள்ள துரும்பா இளைச்சுப்போச்சு. "ஆத்தா, நீ காயவச்ச நெத்திலிக் கருவாடு ஒரு வாய் கிடைச்சா பொழைச்சுக்குவேன்"னு சொல்லி அனுப்பினா.

இருளாயி கருவாட்டைக் கட்டிக்கிட்டு ஓடினா. ஓடைக்குள்ள சுங்கக்காரன் மாசிலாமணி நின்னான். "ஏ இருளாயி, ஒப்பந்தத்துல கருவாடு இல்ல, வச்சிட்டுப் போ"ன்னான். அழுதுக்கிட்டே திரும்பினா. மறுபடி போனா, மறுபடி பிடுங்கிக்கிட்டான். மூணாந்தடவையும் அதே கதி. அதெல்லாம் என்னாச்சுங்கிறியா? வறுத்துத் தின்னுட்டான், படுபாவி!

கடைசியில சந்தனத்தோட புருஷன் அவளைத் தூக்கிக்கிட்டு இக்கரைக்கே வந்துட்டான். ஆத்தா ஊட்டினா. கருவாடு உள்ள போச்சு, கஞ்சி உள்ள போச்சு, எதுவும் திரும்பி வரல. இருளாயிக்குக் கண்ணு நிறைஞ்சுபோச்சு.

இருளாயி கூட வந்து வழியனுப்ப, சந்தனமும் புருஷனும் வீட்டுக்குத் திரும்புறப்போ மாசிலாமணி மறிச்சான். "வயித்துக்குள்ள கருவாடு இருக்கு, தாண்டக்கூடாது!"

சத்தம் கேட்டு ரெண்டு ராஜாவும் வந்துட்டாங்க. சந்தனம் மாசிலாமணிகிட்ட மெதுவா கேட்டா, "அண்ணே, உங்க வீடும் அக்கரையிலதானே? மீசையில ஒட்டியிருக்கிறது எங்க ஆத்தா கருவாடுதானே?"

நெல்லு ராஜாவுக்குச் சிரிப்பு தாங்கல. "அப்போ நீயும் தாண்டாதேப்பா."

பொழுது சாய்ஞ்சுது. அக்கரையில இருந்து மாசிலாமணி பொண்டாட்டி, "ஏங்க, சோறு ஆறுது!"ன்னு கூப்பிட்டா.

"இங்கேயே கொண்டா!"ன்னான்.

"நெல்லுதானே வரலாம்? சோறு ஒப்பந்தத்துல இல்லையே"ன்னாரு உப்பு ராஜா.

இருளாயிக்கு அந்தப் பொழுதெல்லாம் மகளை மடியில படுக்க வச்சிருக்கக் கிடைச்சுது. மாசிலாமணிக்குத்தான் வயிறு காஞ்சுது. பொத்துன்னு கால்ல விழுந்தான். "சாமி, ஒப்பந்தத்தை மாத்துங்க!"

அங்கேயே மணல்ல உக்காந்து மாத்தினாங்க. விளைஞ்சதும் சமைச்சதும் எல்லாம் போகலாம் வரலாம், புது ராஜா வர்றப்போல்லாம் ஜனங்களைக் கேட்டு மாத்தி எழுதணும். மசக்கைக்காரிக்குத் தாய்வீட்டுக் கூடை வந்தா மாசிலாமணியே தலையில சுமந்து வீட்டுவரைக்கும் கொண்டுபோய்க் கொடுக்கணும்.

சந்தனத்துக்குப் பொம்பளப்புள்ள பொறந்துச்சு. அன்னைக்கும் ஆத்தா கூடையைச் சுமந்துக்கிட்டுப் போன மாசிலாமணி, புள்ளையைப் பார்த்துக் கண்ணு கலங்கிட்டானாம். ஒப்பந்தம் மனுஷனுக்காகத்தான்டா கண்ணு, ஒப்பந்தத்துக்காக மனுஷன் இல்ல. கூடையும் இறங்கிருச்சு, கதையும் இறங்கிருச்சு, நீ கண்ணை மூடு.