மூச்சு நின்னா வாய மூடுற பெட்டி

ஒரு ஊர்ல ஒரு கபடிக்காரி இருந்தா. பேரு முத்துக்கனி. உப்பளத்துக்குப் பக்கத்துல வீடு, ஏழாங் கிளாஸ். புடிச்சா சர்ருனு மீன் மாதிரி நழுவிருவா. ஆனா பொறந்ததுலருந்தே அவ நாக்கு அவ சொன்னபடி திரும்பாது. "கபடி கபடி"ன்னு சொல்லத்தான் பாப்பா; வெளிய "ஹவீ ஹவீ"ன்னு வரும். ம் சொல்லு, முழிச்சிருக்கியா?

கபடிக்கு ஒரு சட்டம் உண்டு. எதிர்ப்பக்கம் போறவ ஒரே மூச்சுல "கபடி கபடி"ன்னு பாடிக்கிட்டே ஆளத் தொட்டுட்டு, மூச்சு முடியுறதுக்குள்ள நடுக்கோட்டுக்குத் திரும்பணும். முத்துக்கனி போனா வெளயாட்டு வாத்தியார் தங்கதுரை சார் விசில் பீப்! "பாட்டு புரியல, அவுட்டு." தினமும் இதே.

அப்புறம் ஒரு நாள் அவர் சொன்னாரு: "இன்னும் மூணு வாட்டி பாக்குறேம்மா. அப்பவும் வரலன்னா, நீ புடிக்கிற ஆளு மட்டுந்தான். பாடிப் போக முடியாது."

முத்துக்கனிக்குப் பாடிப் போறதுதான் உசுரு. அவ பேச்சு புரிஞ்ச ஒரே ஆளு பெரியம்மா மக ரோஸ்லின், காலேஜுல கம்ப்யூட்டர் படிக்கிறவ. "இரு, உனக்குப் பதிலா பேச ஒண்ணு பண்ணுவோம்"னா.

மொதல்ல கையடக்கமா ஒரு பெட்டி. அமுக்குனா, செய்தி வாசிக்கிற மாதிரி "கபடி"ங்கும். டக், "கபடி." டக், "கபடி." பட்டனப் பாக்குறதா, ஆளப் பாக்குறதா? எதிரணித் தலைவி எசக்கி பின்னால வந்து லபக்! பொத்! ஒரு வாட்டி போச்சு.

அப்புறம் இடுப்புல கட்டுற பெட்டி. ஒருக்கா அமுக்குனாப் போதும், "கபடிகபடிகபடி"ன்னு ஓடிக்கிட்டே இருக்கும். முத்துக்கனி நாலு பேரத் தொட்டுட்டு ஆடி அசைஞ்சு திரும்புனா.

"ஏட்டி, இது பெட்டி மூச்சா, ஒன் மூச்சா?"ன்னா எசக்கி. "சார்ஜு போனாத்தான் அவுட்டா?"

எல்லாரும் கெக்கேன்னு சிரிச்சாங்க. சார் தாடையச் சொறிஞ்சாரு. ஆனா நடுவுல ரெண்டு வாட்டி சுகமா மூச்சு இழுத்தது முத்துக்கனிக்குத் தெரியுமே! அவளே கையத் தூக்கிட்டு வெளிய போயிட்டா. ரெண்டாவது வாட்டியும் போச்சு.

அப்போதான் அவ ரோஸ்லின்கிட்ட சொன்னா: "அக்கா, அது எனக்குப் பதிலா பாட வேண்டாம். நான் பாடுறதப் புரிஞ்சிக்கிட்டுப் பாடட்டும்."

"அப்போ அதுக்கு நீதான் பாடம் எடுக்கணும்."

எடுத்தா பாரு பாடம்! ஓடிக்கிட்டே ஹவீ, இளைக்க இளைக்க ஹவீ, புட்டு தின்னுக்கிட்டே ஹவீ. ஆயிரம் வாட்டி. பெட்டி "கவி"ங்கும், "கொய்யா"ங்கும், "காபி"ங்கும். கடைசியில ஒரு நாள் பளிச்சுனு, "கபடி!"

ம், தூங்கிராத. மூணாவது வாட்டி இப்போதான்.

எசக்கி விடுவாளா? பெட்டி பக்கத்துல வாய வச்சு "கபடி"ன்னு கத்துனா. பெட்டி கப்சிப். சார் முத்துக்கனியப் பாடச் சொல்லி, நடுவுல மூச்ச நிறுத்தச் சொன்னாரு. பெட்டியும் நின்னுச்சு. "ம்ம், இது அவ பாட்டுதான். ஆடுங்க!"

முத்துக்கனி போனா. ஹவீ ஹவீ, கபடி கபடி. ஒருத்தியத் தொட்டா, ரெண்டு பேரத் தொட்டா, திரும்புறா... எசக்கி பாஞ்சு கணுக்காலப் புடிச்சுட்டா! முத்துக்கனி மண்ணுல தேய்ஞ்சு, தேய்ஞ்சு, கைய நீட்டுறா. கோட்டுக்கு ஒரு விரக்கடை. ஹவீ... ஹ... கபடி... க...

பெட்டி நின்னுச்சு.

பீப்! "மூச்சு போச்சு, அவுட்டு!"

ரோஸ்லின் பதறி ஓடியாந்தா, புள்ள அழுவாளேன்னு. முத்துக்கனி மல்லாக்கப் படுத்துக்கிட்டு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கிறா! இத்தன நாளும் நாக்கால அவுட்டு ஆனவ, அன்னிக்குத்தான் மூச்சால அவுட்டு ஆனா, எல்லாரும் ஆகுற மாதிரி.

எசக்கி கை குடுத்து எழுப்புனா. "எந்திரி. நாளைக்கு நகத்த வளத்துட்டு வா, கோட்டத் தொடலாம்."

சார் நோட்ட விரிச்சு, பாடிப் போறவங்க வரிசையில முத்துக்கனி பேர எழுதுனாரு.

அம்புட்டுத்தான். ஆட்டமும் கலைஞ்சுது, கதையும் வீடு வந்து சேந்துச்சு. மூச்ச நல்லா இழுத்து விட்டுக் கண்ண மூடு ராசா.