முதலாளி பெயரைத் தேடி வந்த அந்துப்பூச்சிகள்

ஆகஸ்ட் பதினான்காம் தேதி, மாலை ஆறு நாற்பது. கூடலூரில் சாரல் அப்போதுதான் விட்டிருந்தது. இயற்கை வேளாண் சான்றிதழுக்காகப் பார்வையிட வந்த அதிகாரியின் முன்னால், இஞ்சித் தோட்ட முதலாளி வரதப்பன் கூலியாள் செல்லக்கிளியை அதட்டினார்.

"மருந்தும் அடிக்கக் கூடாது, தண்டுத் துளைப்பானும் இருக்கக் கூடாதுன்னு சொன்னேனே! வாசல் பாத்தியில இத்தனை துளையா? நாளையிலிருந்து உனக்கு வேலை இல்லை."

"ஐயா, துளைச்ச தண்டை வெட்டிப் புழுவைப் பகலெல்லாம் நான் கொல்றேன். பொழுது சாஞ்சா முட்டையிட வர்ற தாய் அந்துப்பூச்சியை நீங்க விருந்துக்குக் கூப்பிடுறீங்களே!"

"நானா?"

வாசலில் இரவில் அவர் பெயர் ஒளிரும் ஆளுயர விளக்குப் பலகையின் கீழே செல்லக்கிளி சோப்புத் தண்ணீர்த் தொட்டியை வைத்தாள். "இந்த வெளிச்சம் விழுற பாத்தியில மட்டும்தான் துளை. விளக்கைப் போடுங்க ஐயா."

ஏழரை மணிக்குள் தொட்டி நிறைய அந்துப்பூச்சிகள் மிதந்தன.

"கூப்பிட்டவரையா, கொன்னவங்களையா, யாரை வேலையைவிட்டு அனுப்பப் போறீங்க?" என்று அதிகாரி கேட்டார்.

மறுநாள் காலை அதிகாரி சான்றிதழில் கையெழுத்திட்டார். பூச்சி பிடிப்பதற்காகவே அந்தப் பலகையைத் தாம் நிறுவியதாக சான்றிதழ்ச் செய்தி சேகரிக்க வந்த நிருபர்களிடம் வரதப்பன் விளக்கினார். செல்லக்கிளி, அவர் பெயருக்குக் கீழே செத்துக் கிடந்தவற்றை வாரிக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, கத்தியோடு பாத்திக்குப் போனாள்.