கழுகைச் சுமந்து ஓடிய எருமை

மூங்கில் காட்டில் ஆண்டுக்கு ஒருமுறை நெடுந்தூர ஓட்டம் நடக்கும். சூரியன் எழும்போது ஆலமரத்தடியில் கிளம்ப வேண்டும். மலையை முழுதாகச் சுற்றிவிட்டு, சூரியன் மறைவதற்குள் அதே ஆலமரத்தைத் தொட வேண்டும். முதலில் வந்தாலும் சரி, கடைசியில் வந்தாலும் சரி, சுற்றி வந்தவர்களின் பெயரை, ஓட்டத்தை நடத்தும் குரங்கார் மர உச்சியில் ஏறிக் காடே கேட்கும்படி கூவுவார்.

அந்த வருடம் காராயி என்ற எருமை பெயர் கொடுத்தது. அதற்குக் காரணம் ஒரு மான். "எருமை மாதிரி அசையாம நிக்காதே!" என்று அது தன் குட்டியை அதட்டியது. பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த காராயிக்குச் சுருக்கென்றது. நேராகக் குரங்காரிடம் போய் நின்றது.

"நீயா? ஓட்டமா?" குரங்கார் வாலால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானேதான்! பேரைச் சேத்துக்குங்க!"

ஓட்டத்தில் ஒரு விதி உண்டு. கடைசியாக ஓடுபவருக்கு மேலே ஒரு பறவை பறந்து வர வேண்டும். 'படுத்துவிட்டார்' என்று அந்தப் பறவை சொன்னால் அவருடைய ஓட்டம் அத்தோடு சரி. இந்த வேலைக்கு, யாரும் கேட்காமலேயே பிணந்தின்னிக் கழுகு முன்வந்தது. அதன் நல்ல மனசை எல்லோரும் பாராட்டினார்கள். கொஞ்சம் யோசித்திருந்தால் பாராட்டியிருக்க மாட்டார்கள்!

ஓட்டம் தொடங்கியது. முதல் தடவை ஓடுபவர்கள் செய்யும் தப்பைக் காராயியும் செய்தது. மான்களோடு சேர்ந்து தலைதெறிக்கப் பாய்ந்தது. முதல் மேட்டிலேயே நாக்கு வெளியே வந்துவிட்டது. முயல் தாண்டிப் போனது, முள்ளம்பன்றி தாண்டிப் போனது. ஆமைகூட, "கொஞ்சம் வழி விடுங்க" என்று சொல்லிவிட்டுத் தாண்டிப் போனது.

உச்சி வெயில் வந்தது. காராயியின் தலைக்கு மேலே ஒரு நிழல் வட்டமிட்டது.

"அம்மணி, களைப்பா இருக்கா?" தேனொழுகக் கேட்டது கழுகு. "அதோ பாரு குட்டை! சேறு வெண்ணெய் மாதிரி இருக்கு. நீ சும்மா படு, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்!"

காராயிக்குச் சேறு என்றால் உயிர். கால்கள் தாமாகக் குட்டைப் பக்கம் திரும்பின. பிறகு அது நிமிர்ந்து பார்த்தது.

"அந்த மிச்சம் நான்தானே, அண்ணே?"

கழுகுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அது சிரித்து வெகுகாலம் ஆகியிருந்தது.

"காலையிலேர்ந்து பறக்கறீங்களே, சாப்டீங்களா?" என்று கேட்டது காராயி.

"எங்கே! உன்னை நம்பித்தானே வந்தேன்!"

"பாவம் நீங்க. காத்தும் இல்லை, றெக்கை வலிக்கும். என் முதுகுல உக்காருங்க."

கழுகு திகைத்துவிட்டது. "நான் எதுக்கு வந்திருக்கேன்னு தெரிஞ்சுமா கூப்பிடறே?"

"தெரியும். ஆனா இத்தனை தூரம் என்கூட வர்றது நீங்க ஒருத்தர்தான். பேச்சுத் துணை இருந்தா தூரம் தெரியாது. முதுகுல உண்ணி இருக்கு, பசிக்குக் கொத்திக்குங்க!"

"பிணம் தின்ற வாய்க்கு உண்ணியா!" என்று முனகியபடி கழுகு இறங்கி உட்கார்ந்தது. நாலு கொத்துக் கொத்தியது. "உப்பு கம்மி" என்றது.

இரண்டும் பேசிக்கொண்டே போயின. வழியில் கழுகு மனசைத் திறந்தது. "என்னைப் பாத்தாலே எல்லாரும் ஓடிடறாங்க. உசுரோட இருக்கற ஒருத்தர்கூட 'சாப்டீங்களா'ன்னு இதுவரைக்கும் கேட்டதில்லை" என்றது.

ஒருவழியாக ஆலமரம் கண்ணில் பட்டது. சூரியன் மலை முகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து முன்னங்கால் இரண்டும் மடங்கின. காராயி தொப்பென்று விழுந்தது.

"விழுந்துட்டா! கழுகாரே, சொல்லிடும்!" என்று கத்தினார் குரங்கார்.

கழுகு இறங்கிக் காராயியின் முகத்துக்கு நேரே நின்றது. காலையிலிருந்து காத்திருந்த விருந்து கண்முன்னே கிடந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும்.

"யாரு விழுந்தா? கால்ல முள்ளு குத்திடுச்சு, பாத்துக்கிட்டிருக்கா!" என்று கழுகு கூசாமல் புளுகியது. பிறகு காராயியின் காதருகே குனிந்தது. "எந்திரி தாயி! உன்னைத் தின்ன எனக்கு மனசு வரலை. பட்டினி கிடக்கவும் முடியலை. நீ எந்திரிச்சாத்தானே நான் வேற இடம் பாக்க முடியும்!"

காராயிக்குச் சிரிப்பு வந்தது. வயிறு குலுங்கியது, உடம்பு குலுங்கியது. சிரித்த வேகத்திலேயே எழுந்து ஓடியது. சூரியனின் கடைசி நுனி மறைவதற்குள் ஆலமரத்தில் டமாரென்று முட்டியது!

குரங்கார் உச்சியில் ஏறினார். "காராயி!" என்று கூவினார்.

"இவரும்தான் கூட வந்தாரு. இவர் பேரையும் சொல்லுங்க!" என்றது காராயி.

குரங்கார் விழித்தார். கழுகுக்கு ஒரு பேர் இருக்கும் என்றே அந்தக் காட்டில் யாரும் நினைத்ததில்லை.

"மருதன்" என்றது கழுகு, மெதுவாக.

"மருதன்!" என்று காடே கேட்கும்படி கூவினார் குரங்கார்.

நாம் விழுவதற்காகக் காத்திருப்பவரையும் அன்பாக விசாரித்து, சிரித்துப் பேசி உடன் அழைத்துப் போனால், எட்டாத தூரமும் எட்டும்.