ஒரு வார்த்தை கேட்காத அரசன்

முன்னொரு காலத்தில், கூத்துப் பார்க்க உட்கார்ந்தால் தன்னையே மறந்துவிடும் அரசன் ஒருவன் இருந்தான். ஒருமுறை பிச்சைக்கார வேடம் கட்டியவனுக்கு ஒரு கிராமத்தையே எழுதிக் கொடுத்துவிட்டான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அன்று மாலை அரண்மனையில் விகடகவி குப்பாண்டி எழுதிய புதுக் கூத்து. ராணி தன் மோதிரத்தை வேறொருவனுக்குக் கொடுத்தாள் என்று கதையில் வரும் தளபதி தன் அரசன் காதில் ஓதுகிறான். கதையின் அரசன் பொறாமையில் வெந்து, அவளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் வெட்டிவிடுகிறான். பிறகு உண்மை தெரிந்து, பிணத்தின் காலடியில் விழுந்து புரள்கிறான். அந்த வேடம் கட்டிய மாசிலாமணி அழுத அழுகையில் சபையே மூக்கைச் சிந்தியது.

நம் அரசன் மட்டும் எழுந்து நின்றான். "பெண்ணைக் கொன்ற பாதகன் இவன். பிடித்துக் கட்டித் தலையை வெட்டுங்கள்" என்றான்.

அமைச்சர் கலிங்கராயருக்குக் குப்பாண்டியைக் கண்டாலே ஆகாது. இந்த வாய்ப்பை விடுவாரா? அரசன் காதருகே குனிந்தார்.

"மன்னா, கதையில் வரும் மடையன் தாங்கள்தானாம். ஊரெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான் குப்பாண்டி."

அரசன் முகம் சிவந்தது. "அவன் தலையும் சேர்ந்து உருளட்டும்."

தன் தலை போவது ஒரு பக்கம் இருக்கட்டும். தன் கதையில் நடித்த பாவத்துக்கு மாசிலாமணியும் சாக வேண்டுமா என்பதுதான் குப்பாண்டியின் கவலை. கைகூப்பிச் சொன்னான்:

"தண்டனையை ஏற்கிறோம், மன்னா. ஆனால் வாளை ஓங்குமுன், தண்டித்தவரே குற்றத்தைச் சபையில் மும்முறை சொல்வது இந்நாட்டு வழக்கம். முதலில் மாசிலாமணியின் குற்றத்தைச் சொல்லியருளுங்கள்."

அரசன் உரக்கச் சொன்னான்: "காதில் ஓதியதை நம்பினான். பழி சுமந்தவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொல்லத் துணிந்தான்."

இரண்டாம் முறை குரல் கொஞ்சம் இறங்கியது. கலிங்கராயர் அரசன் பக்கத்திலிருந்து மெல்ல நகர்ந்தார். மூன்றாம் முறை, "காதில் ஓதியதை..." என்று தொடங்கிய அரசன் அப்படியே நின்றுவிட்டான். வெட்கம் அவனைப் பிடுங்கித் தின்றது.

வாள்காரன் தலையைச் சொறிந்தான். "சாமி, மூணாவது தடவையும் சொல்லிட்டீங்கன்னா வெட்டிருவேன். யாரைன்னு மட்டும் காட்டுங்க."

அரசன் இறங்கி மாசிலாமணியிடம் வந்தான். "நீ அவளைக் கொன்றாயா?"

"இல்லீங்க சாமி. ராணி வேசம் கட்டினவன் திரைக்குப் பின்னால அவல் தின்னுக்கிட்டு இருக்கான்."

திரை விலகியது. சேலையை முழங்காலுக்கு மேல் வரிந்து கட்டிக்கொண்டு, வாய் நிறைய அவலோடு, செத்துப்போன ராணி எழுந்து கும்பிட்டான். அரசன் கிரீடம் சரியச் சரியச் சிரித்தான். கட்டியிருந்த கயிற்றைத் தன் கையாலேயே அவிழ்த்தான்.

"கலிங்கராயரே, இந்தக் கூத்தில் இனி ஓராண்டு தளபதி வேடம் உமக்குத்தான். ஒத்திகை தேவைப்படாது" என்றான். பிறகு குப்பாண்டியிடம் திரும்பினான். "உன்னையும் கேட்டுவிடுகிறேன். அந்த மடையன் நான்தானா?"

"கதையில் தங்களுக்கு நான் வேடமே வைக்கவில்லை, மன்னா. தாங்களாகத்தான் மேடையேறி எடுத்துக்கொண்டீர்கள்."

அரசன் மறுபடியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கலிங்கராயர் இருந்த ஆசனத்தைத் தட்டிக் காட்டி, குப்பாண்டியை அதில் உட்காரச் சொன்னான்.