முழ நீளக் கப்பலும் மணியக்காரர் கண்டுபிடிச்ச குறையும்

சங்குமுனைன்னு ஒரு கடலோர ராஜ்யம். ராஜ்யம்னு ஒண்ணு இருந்தா ராஜான்னு ஒருத்தர் இருந்துதானே ஆகணும், இருந்தாரு. பேரு சமரகேசரி பூபதி. பட்டப்பேரு 'அலையை அடக்கினவர்'. எந்த அலையை, எப்போ அடக்கினாருன்னு யாரும் கேட்டதில்ல. கேக்கறவன் அந்த ஊர்ல ரொம்ப நாள் இருக்க மாட்டான்.

ராஜாவோட மாமனார் மலைநாட்டு ராஜா. கடலைக் கண்ணால பாத்ததில்ல. "மாப்பிள்ளை வாயத் தொறந்தா கப்பல் கப்பல்ங்கிறாரே, அது என்னம்மா, பெரிய மாட்டுத்தொட்டியா?"ன்னு மகளுக்கு ஆள் விட்டுக் கேட்டுட்டாரு. ராஜாவுக்குச் சுருக்குனு தைச்சுது. கப்பலை மலைமேல தூக்கிட்டுப் போக முடியுமா? அரண்மனைத் தச்சர் அணஞ்சான் ஆசாரியைக் கூப்பிட்டாரு.

"என் கப்பல் மாதிரியே மரத்துல சின்னதா ஒண்ணு செய்யி. முழ நீளம் போதும். பெருசுல என்னென்ன இருக்கோ அத்தனையும் இருக்கணும். எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். ஒண்ணு குறைஞ்சாலும் உன் கட்டைவிரல் உனக்கில்ல."

கட்டைவிரல் இல்லாத தச்சனும் பல்லு இல்லாத ரம்பமும் ஒண்ணுதான். ஆசாரி வீட்டுக்குப் போய் வேலையில உக்காந்தாரு.

கடுகு அளவுல கப்பி. ஊசியால துளை போட்டு, உள்ள உருளையும் சுத்தணும். பட்டுநூலை முறுக்கி, தேன்மெழுகு தடவிக் கயிறு. அரிசி நீளத்துக்கு நங்கூரம். நூலேணி, சுக்கான், தண்ணிப் பீப்பாய் எல்லாம் வந்துது. வீட்டுல யாரும் தும்மக் கூடாதுன்னு சட்டம். ஒரு தும்மலுக்கு நாலு கப்பி பறந்துரும். ஒரு நாள் நங்கூரத்தைக் கோழி முழுங்கிருச்சு. ஆசாரி கோழி பின்னாடியே சுத்தி, கடைசியில கிடைச்சதைக் கழுவி மாட்டினாரு. இந்த விஷயம் ராஜாவுக்குத் தெரியாது.

கப்பல் சபைக்கு வந்துது. சோதிக்க வந்தவரு துறைமுக மணியக்காரர் அனவரதம். அவரு மச்சானும் தச்சன். அரண்மனைத் தச்சர் வேலை காலியாகாதான்னு வருஷக்கணக்கா வாசல்ல நிக்கிறவன். அதனால அனவரதம் பூதக்கண்ணாடியோடயே வந்திருந்தாரு.

கயிறை இழுத்தாரு, பாய் ஏறுச்சு. உருளையைச் சுத்தினாரு, நங்கூரம் இறங்குச்சு. சுக்கானைத் தொட்டாரு, திரும்புச்சு. அவரு முகம் மட்டும் தொங்கிப் போச்சு. அப்பத்தான் கப்பலோட பின்பக்கம், ராஜா உக்கார்ற குட்டி ஆசனம் கண்ணுல பட்டுது.

"ராஜா, இதுல நீங்க எங்க?"

"நான் இங்கதான்யா இருக்கேன்."

"பெருசுல இருக்கறது அத்தனையும்னு உத்தரவு. கப்பல்ல முக்கியமான சாமானே நீங்கதானே."

சாமான்னு சொன்னது ராஜாவுக்குப் பிடிக்கல. முக்கியமானன்னு சொன்னது பிடிச்சிருந்துது. தலையாட்டினாரு.

ஆசாரி நல்லா மாட்டிக்கிட்டாரு. அந்த ராஜ்யத்துல ராஜாவுக்குச் சிலை வச்சா ஆள் உயரத்துக்கு மேலதான் வைக்கணும். குறைச்சா ராஜத்துரோகம். பொம்மை செஞ்சா தலை போகும், செய்யாட்டி விரல் போகும்.

சபையில கொண்டலய்யன்னு ஒரு வித்வான். பாட்டு எழுதறதுதான் வேலை. எழுதினதை யாரும் பாத்ததில்ல. அவரு மெதுவா எந்திரிச்சாரு.

"மணியக்காரர் சொல்றது நியாயம். ராஜாவைச் செஞ்சுரலாம்."

"யோவ், துரோகம்யா அது," அப்படின்னாரு அனவரதம், சந்தோஷமா.

"நிக்கிற சிலைக்கும் உக்காந்த சிலைக்கும்தான்யா அந்த வழக்கம். குனிஞ்ச சிலைக்கு வழக்கமே கிடையாது."

"குனிஞ்ச சிலையா?" ராஜா கேட்டாரு.

"ராஜா கப்பல்ல ஏறினது ஒரே ஒரு தடவைதானே. அன்னிக்கு ஆசனத்துல உக்காந்தீங்களா?"

அரண்மனையில யாரும் வாய்விட்டுப் பேசாத விஷயம் அது. அன்னிக்குக் கப்பல் துறைமுகத்தைக்கூடத் தாண்டல, அதுக்குள்ள ராஜா காலையில சாப்பிட்ட பணியாரம் அத்தனையும் வெளிய வந்துருச்சு.

கொண்டலய்யன் நிறுத்தல. "எப்படி இருக்கோ அப்படியேன்னு உத்தரவு. ஆசனத்துல உக்கார வச்சா பொய்யாயிரும். ஓரத்துக் கட்டையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு, கிரீடம் ஒரு பக்கமா சரிஞ்சு, வாயைத் தொறந்துக்கிட்டு... மாமனாருக்குப் பாத்த உடனே புரிஞ்சுரும்."

ராஜா தலையில கிரீடம் நேரா இருக்கான்னு தொட்டுப் பாத்துக்கிட்டாரு.

"அன்னிக்கு நான் கப்பல்ல ஏறவே இல்ல. எல்லாரும் கேட்டுக்கங்க."

எல்லாரும் கேட்டுக்கிட்டாங்க. விஷயம் அதோட முடிஞ்சிருக்கும். அனவரதம் விட்டாத்தானே.

"அதெப்படி ராஜா, ஆளே இல்லாமயா கப்பல் போச்சு? அன்னிக்கு இருந்தவங்கள்ல ஒருத்தராவது இதுல வேணாமா? உத்தரவுன்னா உத்தரவுதானே."

"வேணும்தான்," அப்படின்னாரு கொண்டலய்யன். "அன்னிக்கு ஒருத்தர் கடைசி வரைக்கும் வாளி பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அவரைச் செய்வோம்."

சபை மொத்தமும் அனவரதத்தைத் திரும்பிப் பாத்துது. மணியக்காரர் வேலையே அந்த வாளிக்காகக் கிடைச்சதுதான்.

"ராஜா, வாளியெல்லாம் கப்பல் சாமான்ல சேராது," அப்படின்னாரு அனவரதம்.

ராஜா அவரைக் கண்டுக்கல. "ஆசாரி, வாளி வருமா?"

"மிளகு அளவுக்கு வரும் ராஜா. கைப்பிடி ஆடும்." ஆசாரி கொஞ்சம் யோசிச்சாரு. "எப்படி இருக்கோ அப்படியேன்னா, உள்ள என்ன வைக்கட்டும்?"

ராஜா சிரிச்ச சிரிப்புல ஆசனத்தை விட்டுச் சரிஞ்சுட்டாரு. ஆசாரிக்குக் கட்டைவிரலும் பொன்காப்பும், கொண்டலய்யனுக்குப் பட்டுச் சால்வையும் கிடைச்சுது. அனவரதம் தன்னோட பொம்மைக்காக ஒரு வாரம் ஆசாரி முன்னாடி அசையாம நின்னாரு.

கப்பல் மலைக்குப் போச்சு. மாமனார்கிட்டருந்து பதில் வந்துது: "மாப்பிள்ளை, கப்பல் ரொம்ப அருமை. ராஜா நீங்களே அதுல ஏறத் தயங்கி ஆசனத்தைக் காலியா விட்டிருக்கீங்க, அதுவும் புரியுது. வாளி பிடிச்சிருக்கற ஆளே மூக்கைப் பொத்திக்கிட்டுத்தானே நிக்கிறான்."