மாமா மேல் மின்னிய கறை

முட்டாள் இல்லாத ஊர் ஏது? ஆனால் மூன்று பேர் ஒன்றுகூடி, போர்டு எழுதி, தேங்காய் உடைத்துத் தொழில் தொடங்கியது எனக்குத் தெரிந்து பாளையங்கோட்டையில் மட்டும்தான். போர்டில் 'மூவர் கம்பளச் சலவை' என்று இருக்கும். கம்பளம் என்றால் போர்த்திக்கொள்கிற சமாச்சாரம் இல்லை. தரையில் விரிக்கிற கார்ப்பெட். கல்யாண மண்டபம், லாட்ஜு, மகன் வெளிநாட்டில் இருக்கிற வீடு, இங்கெல்லாம் போய்க் கழுவித் தருவார்கள்.

ஆவுடையப்பன், கொம்பையா, மாடக்கண்ணு. இவர்கள்தான் அந்த மூவர். நல்ல பிள்ளைகள், குறை சொல்லக் கூடாது. சொன்னதைச் சொன்னபடி செய்வார்கள். வம்பே அதில்தான். ஒரு லாட்ஜ் மேனேஜர், "நான் வாற வரைக்கும் தேச்சிக்கிட்டே இருங்க" என்று சொல்லிவிட்டுச் சங்கரன்கோவிலுக்குப் போனார். மூன்றாம் நாள் திரும்பி வந்து பார்த்தால் கம்பளத்தைக் காணோம். தரை மட்டும் பளபளவென்று இருந்தது.

மூவரில் மூத்தவன் ஆவுடையப்பன். வயது முப்பத்தாறு. பதினோரு வரன் தட்டிப்போய் இது பன்னிரண்டாவது. பெண் பெயர் வடிவு, ரைஸ் மில் செண்பகராமன் மகள். பெண் பார்க்கப் போன அன்று அவள் அம்மா, "தலை நிமிராம வாட்டி" என்று சொல்லி அனுப்பினாள். வடிவு தலை நிமிராமல் காப்பித் தட்டோடு கூடத்தைக் கடந்து, அடுக்களையைக் கடந்து, கொல்லைக் கதவில் போய் முட்டி நின்றாள். எல்லாரும் அடக்கமான பெண் என்று மெச்சினார்கள். ஆவுடையப்பனுக்கு அந்தக் கணமே மனசு போய்விட்டது. கட்டினால் இவள், இல்லையென்றால் காலம் பூராவும் கம்பளம்தான் என்று முடிவு செய்துவிட்டான்.

செண்பகராமனுக்கோ மாப்பிள்ளையின் தொழிலில் நம்பிக்கை இல்லை. அவர் வீட்டுக் கூடத்தில் துபாயிலிருந்து மூத்த மகன் அனுப்பிய பெரிய கம்பளம் ஒன்று கிடந்தது. பூவும் கொடியுமாகக் கண்ணைப் பறிக்கும். அதில் எங்கேயோ ஒரு பூனை தன் வேலையைக் காட்டிவிட்டுப் போயிருந்தது. எங்கே என்றுதான் தெரியவில்லை. வாடை மட்டும் வாசல் வரை வந்து விருந்தாளியை வரவேற்றது.

"வெள்ளிக்கிழமை நிச்சயதாம்பூலம். இந்தக் கம்பளத்துலதான் எல்லாரும் உக்காரணும்" என்றார் செண்பகராமன். "வாடை எங்கருந்து வருதுன்னு கண்டுபிடிச்சு, அந்த இடத்தை மட்டும் கழுவணும். முழுசா நனைச்சீங்கன்னா சாயம் போயிரும். வாடை போச்சுன்னா தட்டு மாத்துவோம். போகலைன்னா உம்ம பன்னெண்டாவது வரனும் போச்சு. நான் சொன்ன சொல் மாற மாட்டேன்."

மூவரும் மண்டியிட்டு அரை நாள் மோந்து பார்த்தார்கள். ஒரு மணி நேரத்தில் மூக்கு மரத்து, கொண்டுவந்து கொடுத்த காப்பியிலும் பூனை வாடை அடித்தது. துபாய் மகன்தான் போனில் வழி சொன்னான். "இங்கெல்லாம் புற ஊதா டார்ச்சு வச்சிருக்காங்க. இருட்டுல அடிச்சா கறை பளிச்சுன்னு மின்னும். அதை வாங்குங்க."

ஜங்ஷனில் ராசாமணி அண்ணாச்சியின் எலக்ட்ரிக் கடை. பொறுமைக்குப் பேர்போன மனுஷன். மூன்று டார்ச்சுகளை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"இது வீட்டுக்கு. இது தொழிலுக்கு. இந்த மூணாவதும் தொழிலுக்குத்தான், கொஞ்சம் ஒசத்தி."

"நாங்க தொழிலாத்தான் போறோம். ஆனா வீட்டுக்குல்லா போறோம்?" என்றான் மாடக்கண்ணு.

அண்ணாச்சி ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். "ஒசத்தியானதையே எடுங்கப்பா. இந்த வெளிச்சம் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவுக்கெவ்வளவு தெரியாம இருக்கோ, அவ்வளவுக்கவ்வளவு நல்ல டார்ச்சு."

கொம்பையா முதல் டார்ச்சை அமுக்கினான். ஊதா நிறத்தில் வெளிச்சம் வந்தது. "தெரியுது அண்ணாச்சி. வேண்டாம்." இரண்டாவதிலும் லேசாகத் தெரிந்தது. அதையும் தள்ளிவைத்தான். மூன்றாவதை அமுக்கினான். ஒன்றுமே இல்லை. மறுபடி அமுக்கினான். அப்போதும் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"ஆகா! இதுல்லா சரக்கு!" என்றான் ஆவுடையப்பன்.

"ஏ, அதுல பேட்டரியே போடல" என்றார் அண்ணாச்சி.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "பேட்டரி போடாமலே இவ்வளவு நல்லா வேலை செய்யுதே" என்றான் மாடக்கண்ணு. "போட்டா எப்படி இருக்கும்!"

அண்ணாச்சி பேட்டரி போட்டார். ஊதா வெளிச்சம் வந்தது. கொம்பையாவுக்கு வந்ததே கோபம். "நல்லா இருந்த டார்ச்சைப் பேட்டரி போட்டுக் கெடுத்துட்டீங்களே அண்ணாச்சி!"

"பகல்ல பாத்தா ஒண்ணும் புரியாது. இருட்டுல பாக்கணும்" என்றார் அவர். உடனே மூவரும் கண்ணை இறுக மூடிக்கொண்டார்கள். நல்ல இருட்டு. டார்ச்சை அடித்தார்கள். கறை எதுவும் தெரியவில்லை. அண்ணாச்சி பேசாமல் மூவரையும் தோளைப் பிடித்துக் குடோனுக்குள் தள்ளி, கதவைச் சாத்தி, ஒரு சலவைத்தூள் அட்டைப்பெட்டிமேல் டார்ச்சைக் காட்டினார். சிந்திக் கிடந்த தூள் நீலமாகப் பளிச்சென்று மின்னியது.

"சலவைத்தூள்லயும் பூனை போயிருக்கே" என்று கொம்பையா உச்சுக்கொட்டினான்.

அண்ணாச்சியின் பொறுமை அந்த இடத்தில்தான் தீர்ந்தது. "ஏ, கேட்டுக்கோங்க. மின்னுதா? அதான் கறை. அங்க கழுவுங்க. மின்னலையா? தொடாதீங்க. மூணு பேரும் தயவுசெஞ்சு வேற எதையும் யோசிக்காதீங்க. ஆள் கண்ணுல அடிக்காதீங்க. இந்த மஞ்சக் கண்ணாடியைப் போட்டுக்கிட்டுத்தான் பாக்கணும். கெளம்புங்க."

கண்ணாடி ஒன்று, ஆள் மூன்று. வழியெல்லாம் விவாதித்து, ஆவுடையப்பன் கண்ணாடியைப் போட்டுப் பார்ப்பது, மற்ற இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அவன் சொல்வதைக் கேட்பது என்று முடிவானது.

வியாழக்கிழமை மத்தியானம் செண்பகராமன் வீட்டில் ஜன்னலை எல்லாம் சாத்திப் போர்வை தொங்கவிட்டார்கள். கூடம் கும்மிருட்டானது. வேலை நடக்கிற லட்சணத்தைப் பார்க்கவேண்டும் என்று செண்பகராமன் கம்பளத்தின் நட்டநடுவில் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் உடுத்துவது எப்போதும் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அன்றன்று துவைத்து, வெண்மைக்கென்று விற்கிற தூளையெல்லாம் போட்டு அலசியிருப்பார்கள். பக்கத்தில் நின்றால் கண் கூசும்.

ஆவுடையப்பன் கண்ணாடியை மாட்டி, குலதெய்வத்தைக் கும்பிட்டு, டார்ச்சை அமுக்கினான். இடது மூலையில் ஒன்றும் இல்லை. வலது மூலையிலும் இல்லை. நடுவில் திருப்பினான். அவ்வளவுதான். கம்பளத்திலிருந்து கழுத்து உயரத்துக்கு ஒரு கறை எழுந்து நின்று நீலமாக ஜொலித்தது.

"என்ன மாப்ளே, கண்டுபிடிச்சாச்சா?" என்று அந்தக் கறை கேட்டது. கேட்கும்போது அதன் பல்லும் மின்னியது.

ஆவுடையப்பன் டார்ச்சை அணைத்துவிட்டு மற்ற இருவரையும் ஓரமாக இழுத்தான். "கெட்டுது போ! எலே, கறை கம்பளத்துல இல்ல. மாமா மேல இருக்கு."

"எவ்வளவு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டான் கொம்பையா.

"கழுத்து வரைக்கும்."

மாடக்கண்ணு கணக்குப் போட்டான். "முழங்கால் வரைக்கும்னா ஒரு பூனை. கழுத்து வரைக்கும்னா பூனை மேல பூனை ஏறி நின்னிருக்கணும்."

"பல்லும் மின்னுதுல."

"பெரியவங்க சமாச்சாரம்" என்றான் கொம்பையா. "அதையெல்லாம் நாம கேக்கப்படாது."

ஆவுடையப்பனுக்கு அழுகையே வந்துவிட்டது. வருங்கால மாமனாரிடம் போய், வாடை உங்கமேலிருந்துதான் வருகிறது என்று எப்படிச் சொல்ல? சொன்னால் வடிவு கிடைக்கமாட்டாள். சொல்லாமல் விட்டால் வாடை போகாது, அப்போதும் வடிவு கிடைக்கமாட்டாள். கொல்லைக் கதவில் முட்டி நின்ற அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டான். தைரியம் வந்தது.

"மின்னுற இடத்தைத்தான் கழுவணும்னு அண்ணாச்சி சொல்லியிருக்காரு. வேற எதையும் யோசிக்கக் கூடாதுன்னும் சொல்லியிருக்காரு. கம்பளம் கழுவுற மெஷினை எடுங்கல."

பிறகு நடந்ததை விவரிக்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. மாடக்கண்ணு நுரையைப் பீய்ச்சினான். கொம்பையா பிரஷ்ஷைச் சுற்றவிட்டான். ஆவுடையப்பன் "கொஞ்சம் பொறுங்க மாமா, கையைத் தூக்குங்க மாமா" என்று மரியாதை குறையாமல் மெஷின் குழாயால் தண்ணீரை உறிஞ்சி எடுத்தான். "எலேய், விடுங்கல! கொலை பண்ணுதானுவோ!" என்று இருட்டுக்குள் செண்பகராமன் போட்ட சத்தம் ரோட்டுக்குக் கேட்டது. நகரலாம் என்றால் காலடியில் நுரை வழுக்கியது. நின்ற இடத்திலேயே நின்றார்.

கழுவி முடித்து டார்ச்சை அடித்துப் பார்த்தால், முன்னைவிடப் பிரமாதமாக மின்னினார். நுரைக்குப் போட்ட தூளும் அந்த ஜாதிதான் என்று மூவருக்கும் எப்படித் தெரியும்? "ஊறின கறை" என்றான் கொம்பையா. மறுபடி கழுவினார்கள். இன்னும் மின்னினார். மூன்றாவது தடவை கழுவும்போது வடிவின் அம்மா ஓடிவந்து போர்வையை விலக்கி ஜன்னலைத் திறந்தாள்.

வெளிச்சத்தில் செண்பகராமன் நுரைக்கு நடுவே நின்றார். மீசையிலிருந்து எலுமிச்சை மணத்தோடு சொட்டுச் சொட்டாக வடிந்தது. வாயைத் திறந்து ஏதோ பெரிதாகச் சொல்ல வந்தார். அதற்குள் அந்த அம்மாள், "ஏங்க, வாடை போயிட்டே!" என்றாள்.

போய்த்தான் இருந்தது. பூனை தன் வேலையைக் காட்டிய இடம் செண்பகராமன் நின்ற அதே இடம். அவர் காலடியில் மூன்று தடவை நுரையும் பிரஷ்ஷும் ஓடியிருந்தன. இது உங்களுக்கும் எனக்கும் தெரியும். அங்கே இருந்த யாருக்கும் தெரியாது.

"பாத்தீங்களா மாமா" என்றான் ஆவுடையப்பன் பணிவாக. "உங்களைக் கழுவினதும் போயிட்டு."

செண்பகராமன் தன் தோளை ஒருதரம் மோந்து பார்த்தார். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து இன்னொருதரம் மோந்தார். பிறகு தும்மினார். சொன்ன சொல் மாறாத மனுஷன். "நாளைக்கு நிச்சயம் நடக்கும்" என்றார். "ஆனா ஒண்ணு. இனிமே ஈரத்தோட ஒருத்தனும் என் கம்பளத்துல கால் வைக்கப்படாது!"

விடிந்தால் வெள்ளிக்கிழமை. ஒன்பதரையிலிருந்து பத்தரை வரை நல்ல நேரம். ஆவுடையப்பன் புது வெள்ளை வேட்டி, புது வெள்ளைச் சட்டையில் வந்து இறங்கினான். எதற்கும் இருக்கட்டும் என்று கொம்பையா அவனை நெல் மூட்டை அறைக்குள் கூட்டிப்போய் டார்ச்சை அடித்துப் பார்த்தான். மாப்பிள்ளை கழுத்து முதல் கால்வரை தகதகவென்று மின்னினார்.

"ஐயோ, என் மேலயுமா!" என்று ஆவுடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டான். இப்படியே போய் உட்கார்ந்தால் கம்பளத்தில் மறுபடி வாடை ஏறும், வடிவு கைவிட்டுப் போவாள். "கழுவுங்கல!" என்றான். கழுவினார்கள். அப்போதுதான் மாமா சொன்னது நினைவுக்கு வந்தது. ஈரத்தோடு கால் வைக்கக் கூடாது.

ஒன்பதே முக்காலாயிற்று, பத்தாயிற்று. கூடத்தில் சொந்தபந்தமெல்லாம் கம்பளத்தில் உட்கார்ந்து, தட்டைப் பார்ப்பதும் கடிகாரத்தைப் பார்ப்பதுமாக இருந்தார்கள். மாப்பிள்ளையைக் காணோம். கொஞ்ச நேரத்தில் பெண்ணையும் காணோம். செண்பகராமன் தும்மிக்கொண்டே வீடு பூராவும் தேடி, கடைசியில் மொட்டை மாடிக்கு ஏறினார்.

மொட்டை மாடி வெயிலில் ஆவுடையப்பன் மல்லாக்க விரித்துப் போடப்பட்டிருந்தான். காற்றில் பறக்காமல் இருக்கச் சட்டைக்கும் வேட்டிக்கும் நான்கு மூலையிலும் செங்கல் வைத்திருந்தார்கள். கொம்பையாவும் மாடக்கண்ணும் இரண்டு பக்கமும் காவல் நின்றார்கள். பட்டுச் சேலை உடுத்து, தலை நிறையப் பூவோடு வடிவு பக்கத்தில் உட்கார்ந்து, வடகத்துக்கு விரட்டுகிற மாதிரி குச்சியை ஆட்டிக் காக்காய் விரட்டிக்கொண்டிருந்தாள்.

செண்பகராமன் திட்ட வாயைத் திறந்தார். தும்மல்தான் வந்தது.

வடிவு குனிந்து வேட்டி ஓரத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இந்தப் பக்கம் காஞ்சிட்டு. திருப்பிப் போடுங்க" என்றாள். அப்புறம் ஒரு செங்கல்லை நகர்த்தி இடம் பண்ணிக்கொண்டே அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"உங்களை நேத்து காயப்போடாமலேயே விட்டுட்டாங்களே, அதான் தும்முதீங்க. வாங்கப்பா, பக்கத்துல படுங்க."