வருது, போகுதா?

"மூளை செத்துப்போச்சு டீச்சர். வண்டிக்கும் எனக்கும்" என்றார் ஆவுடையப்பன்.

இன்னொரு காரின் அடியிலிருந்து பியூலா டீச்சர் தலையை நீட்டினார். பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்துவிட்டுப் பாளையங்கோட்டையில் ஒர்க்‌ஷாப் போட்டவர். ஆவுடையப்பனைவிட வயதில் ரொம்பவே சின்னவர்.

ஆவுடையப்பன் கார்புரேட்டர் காலத்து மெக்கானிக். காதை வைத்தே எஞ்சினின் சீக்கைச் சொல்லிவிடுவார். ஆனால் இப்போது வரும் வண்டிகளை ஆட்டிவைப்பது ஒரு பெட்டி. மெக்கானிக்குகள் அதை மூளை என்பார்கள். அந்தப் பெட்டி வாயே திறக்காது, காதை வைத்து என்ன செய்ய? தன் கடையை மூடிவிட்டு, வெட்கத்தையும் விட்டுவிட்டு, டீச்சரிடம் தொழில் படிக்க வந்து சேர்ந்திருந்தார்.

முன்னால் நின்ற கார் எங்கோ முட்டி, பட்டறையில் நெளிவெடுத்து, புது பெயிண்ட் அடித்து வந்தது. அன்றிலிருந்து ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடிக்கவில்லை.

"இதுவும் ஆகலைன்னா மச்சினன் மாவு மில்லுக்கே போயிருதேன். வீட்ல சொல்லிட்டேன்."

விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

"என்னல்லாம் பாத்தீங்க அண்ணாச்சி?"

"பேட்டரி பாத்தேன். ஃபியூஸ் பாத்தேன். ரிலே மாத்தினேன். மூளைக்கு வர்ற ஒயர்ல மீட்டர் வச்சேன். பன்னெண்டு வோல்ட்டு ஜம்முனு வருது."

"வருதா?"

"வருது டீச்சர்."

"சரி. போகுதா?"

ஆவுடையப்பன் அண்ணாந்து பார்த்தார். மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

"காலைல இருந்து கரண்டு போகவே இல்லையே?"

"அதான் வண்டி ஓடலை."

டீச்சர் மறுபடியும் காருக்கு அடியில் போய்விட்டார்.

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்றது. கிண்டலா பண்ணுது இந்தப் பொண்ணு? மீட்டரை மேஜையில் வைத்தார். மில்லில் மிளகாய் நெடியாவது நேராக மூக்கில் ஏறும். இப்படிச் சுற்றி வளைக்காது.

ஆனாலும் மனசு கேட்கவில்லை.

"எங்க போகணும்?" என்று கத்தினார்.

"வந்தவங்க எங்க போவாங்க?" குரல் மட்டும் வந்தது.

"அவங்கவங்க வீட்டுக்கு."

காருக்கு அடியிலிருந்து ஸ்பேனர் சத்தம்தான் கேட்டது.

"கரண்டுக்கு ஏது வீடு..." என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். கண் பேட்டரிக்குப் போனது. பேட்டரியின் மைனஸ் முனைக்கு.

மூளைக்கு வரும் வழியை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாயிற்று. அது திரும்பிப் போகும் வழியை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "கரண்டு வருதா?" என்றே கேட்டுப் பழகிய ஊர். போனால் மெழுகுவத்தி தேடும் ஊர். போக வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

டார்ச்சை எடுத்துக்கொண்டு குனிந்தார். பெட்டியிலிருந்து வந்த கறுப்பு எர்த் ஒயரை வண்டியின் பாடியில் போல்ட் போட்டு முடுக்கியிருந்தார்கள். இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்கு அடியில் புது பெயிண்ட் பளபளவென்று மின்னியது.

பெயிண்ட்டுக்குள் புகுந்து பாடிக்கும், பாடி வழியாகப் பேட்டரி மைனஸுக்கும் கரண்டு எப்படிப் போகும்?

போல்ட்டைக் கழற்றி, இரும்பு தெரியும்வரை எமரி தாளால் தேய்த்தார். மறுபடி முடுக்கிவிட்டு, சீட்டில் உட்கார்ந்து, சாமியைக் கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார்.

எஞ்சின் குபீரென்று பிடித்துக்கொண்டது.

ஸ்டீயரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டார். அப்பாடா என்றிருந்தது. அழுகை வந்தது, அதைவிட அதிகமாகச் சிரிப்பு வந்தது. வெளியே இறங்கி, தெருவுக்கே கேட்கும்படி கத்தினார்.

"டீச்சர், போகுது! கரண்டு போகுது!"

பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் அவசர அவசரமாகக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு வெளியே ஓடிவந்தார்.

"போகுதா? போனா எப்ப வருமாம் அண்ணாச்சி?"

ஆவுடையப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது எப்பவும் வந்துக்கிட்டுதான் சார் இருந்துச்சு."